காருக்கு இட்ட விபூதி

இன்று விடியற்காலை எதிர்வீட்டுக் கார் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. இருமி, உதறி, நின்று, மறுபடியும் இருமியது. என்னால் படுத்திருக்க முடியவில்லை. எழுந்துபோய் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "யாராத்துக் காரோ கிளம்பாததுக்கு நீ ஏம்மா பனியில நிக்கறே?" என்று பெண் அதட்டினாள். அவளுக்கு என்ன தெரியும்? உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம் மயிலாப்பூர் வீட்டு வாசலில் நின்ற அந்தப் பழைய கறுப்புக் காரை நீங்கள் ஜம்பத்துக்காக வாங்கவில்லை. என் முதல் பிரசவத்தின்போது ஐப்பசி மழை. தேங்கிய தண்ணீரைக் கண்டு ஜட்காக் குதிரை மிரண்டு நடுத்தெருவில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. பிள்ளை அழவேயில்லை. அதற்கப்புறம் நீங்கள் எந்த ஜட்காவிலும் ஏறவில்லை.

நான் மறுபடி உண்டானதும் கார் வந்தது. அந்த வருஷம் ஆயுத பூஜையன்று ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைத்தது போதாதென்று, பானெட்டைத் திறந்து, பிளக்குகளுக்கு ஒயர்கள் கிளம்புகிற கறுப்பு மூடியின் மேல் விபூதியைக் குழைத்து மூன்று பட்டை இட்டீர்கள். "இங்கேர்ந்துதான் எல்லா பிளக்குக்கும் உயிர் போறது. இங்கேதான் ரட்சை வேணும்" என்றீர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கார்த்திகை பிறந்ததும் சனி பிடித்தது. விடியற்காலையில் நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றுவீர்கள். எஞ்சின் பிடிப்பது போலப் பிடித்து, வண்டி மொத்தமும் நடுங்கி, படக்கென்று அணைந்துவிடும். வெயில் ஏறிய பிறகு அதே கார் ஒரே சுற்றில் கிளம்பும், பரம சாதுவாக.

நீங்கள் எதைத்தான் செய்யவில்லை! காப்பிக்குப் பால் வைக்க வந்தால் என் குமுட்டி அடுப்பைச் சுற்றிப் பிளக்குகள் உட்கார்ந்து குளிர்காய்ந்துகொண்டிருக்கும். எனக்குப் போர்த்த வேண்டிய கம்பளி பானெட்டின் மேல் கிடக்கும். யுத்த காலத்துக் கூப்பன் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்று டின்னை முகர்ந்து முகர்ந்து உங்களுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

ராயப்பேட்டையிலிருந்து மெக்கானிக் பாயை அழைத்து வந்தீர்கள். அவர் வந்ததோ மத்தியானத் தொழுகை முடிந்து. சுற்றியதும் கிளம்பியது. "இன்னா ஐயரே, வண்டி ஷோக்கா கீது. நீ இன்னாத்துக்கு பயந்துக்கினு கீறே?" என்று சிரித்தார். இருந்தாலும் மனசு கேட்காமல் பிளக், ஒயர் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினார். விபூதிப் பட்டையை மட்டும் தொடவில்லை. "அது உங்க சாமி சமாச்சாரம். நான் கை வெக்க மாட்டேன்" என்றார். நல்ல மனுஷர். நீங்களோ வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் மேலேயே புதிதாகக் குழைத்து இட்டீர்கள். கார் படுத்தப் படுத்தப் பட்டை தடித்துக்கொண்டே போனது.

மார்கழி முழுவதும் நான் வலிக்குப் பயப்படவில்லை. வலி விடியற்காலையில் வந்துவிடுமோ என்றுதான் பயந்தேன். நீங்களும் அதைத்தான் நினைத்தீர்கள். இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தோம்.

ஒருநாள் கோலம் போட வாசலுக்கு வந்தேன். யுத்தத்துக்காகத் தெருவிளக்குகளுக்கெல்லாம் கறுப்பு உறை போட்டிருந்த காலம், நல்ல இருட்டு. நீங்கள் பானெட்டைத் திறந்துவைத்தபடியே ஹாண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். சும்மா எட்டிப் பார்த்தேன். ஒயர்கள் கிளம்புகிற அந்த மூடியின் மேல், விபூதிப் பட்டை வழியாக, நீலமாக ஒன்று ஊர்ந்து ஓடியது.

"ஏன்னா, நிறுத்துங்கோ! விபூதியில நெருப்பு ஓடறது!"

"உளறாதே" என்றீர்கள். பிறகு என்னைச் சுற்றச் சொல்ல முடியாதே, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிச் சுற்றவைத்து நீங்களே குனிந்து பார்த்தீர்கள். பிளக்குக்குப் போகவேண்டிய பொறி ஈர விபூதியில் வழி கண்டுபிடித்து ஒயருக்கு ஒயர் தாவிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் சம்படத்துக்குள்ளேயே நமுத்துப்போகிற விபூதி, ராத்திரிப் பனியில் நமுக்காதா? வெயில் வந்தால் காய்ந்துவிடும். பாய் மத்தியானத்தில் என்னத்தைப் பார்ப்பார், பாவம்!

பக்கத்து வீட்டுக்காரர் போய்விட்டார். நீங்கள் மட்டும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். துடைக்கவில்லை.

"இதை அழிச்சுட்டு உன்னை ஏத்திண்டு போய், வழியில ஏதாவது ஆயிடுத்துன்னா?" என்றீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

"அழிக்க வேண்டாம். இடம் மாத்துங்கோ. ரட்சிக்க வேண்டியது காரையா, என்னையா?"

நீங்கள் கட்டைவிரலால் அந்த விபூதியை வழித்து என் நெற்றியில் இட்டீர்கள். கிரீஸும் சேர்ந்து வந்தது. மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சுற்றினீர்கள். கார் கனைத்துக்கொண்டு எழுந்தது, நிற்கவில்லை. நீங்கள் மட்கார்டில் சாய்ந்து அழுததை நான் பார்க்காத மாதிரி கோலத்துக்குப் புள்ளி வைத்தேன்.

தை பிறந்து வலி வந்தது. பயந்தபடியே விடியற்காலையில், கண்ணாடியெல்லாம் பனி வழிய. ஒரே சுற்று. ராயப்பேட்டை தாண்டி ஆஸ்பத்திரி வாசல்வரை வண்டி நிற்காமல் ஓடியது. குழந்தை அழுத அழுகை வராந்தாவில் நின்ற உங்களுக்கே கேட்டதாம். அவள்தான் இப்போது என்னை அதட்டுகிறாள்.

நீங்கள் போன பத்தாம் நாள் என் குங்குமத்தை அழித்தார்கள். வளையலைக் கழற்றினார்கள். விபூதி மட்டும் இருக்கலாம் என்றார்கள். அது எங்கிருந்து என் நெற்றிக்கு வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

எதிர்வீட்டுக் கார் ஒருவழியாகப் பிடித்துக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்தேன். அப்புறம் குளித்துவிட்டு இட்டுக்கொண்டேன். இன்றைக்கும் கிரீஸ் வாசனை அடிக்கிறது.