நீ கிழித்துப் போட்ட கொழுப்புப் பக்கம்

இன்று காலை ஒரு லாரி ஓட்டுநருக்கு ரத்தம் எடுக்கக் குனிந்தேன். அவர் வாயிலிருந்து பச்சைப் பாகற்காய்ச் சாறு வாடை குப்பென்று அடித்தது. லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். சர்க்கரையை இறக்க மூன்று நாளாகச் சோற்றைத் தொட்டிருக்க மாட்டார். சுங்கை பட்டாணியில் இந்தச் சின்ன லேப்பில் இருபது வருடமாக ஊசி பிடிக்கிறேன். இந்த அதிபுத்திசாலிகளை வாடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். உடனே உன் ஞாபகம்தான் வந்தது. இந்தக் கூட்டத்துக்கே நீதானே தலைவி.

பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். நீ கல்யாணமாகி திகாம் பத்துவுக்குப் போய்ப் பள்ளிக்கூட வேன் ஓட்டினாய். நான் ரத்தம் எடுக்கும் வேலைக்கு வந்த அன்றே எனக்கு அட்டை என்று பெயர் வைத்தாய். "அட்டை, பாத்து உறிஞ்சுடி, வீட்டுக்குப் போக கொஞ்சம் மிச்சம் வை" என்று கையை நீட்டுவாய். எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

எங்கள் ரிப்போர்ட் இரண்டு பக்கம். ஒன்றில் சர்க்கரை, இன்னொன்றில் கொழுப்பு. லைசென்ஸுக்காக வந்த முதல் தடவையே நீ கவுண்டரில் நின்றபடி கொழுப்புப் பக்கத்தைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாய்.

"கொழுப்பு என்னடி, அதுவா வேன் ஓட்டப் போவுது? டாக்டர் சீனி மட்டும்தான் பாப்பாரு."

சரியாகத்தான் சொன்னாய். அந்தப் பெரிய மனிதர் இன்னொரு பக்கம் எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. தலையைத் தூக்கி உன் முகத்தைப் பார்த்தாரா என்பதே சந்தேகம். கையெழுத்து விழுந்ததும் நீ நேராக ஒட்டுக்கடைக்குப் போய் இரண்டு ரொட்டி சானாயும், சீனி தூக்கலாக ஒரு தே தாரிக்கும் சொல்வாய். மூன்று நாள் விரதத்தை முடிக்க வேண்டாமா?

அன்று அந்தப் பக்கத்தைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு எல்லையைத் தாண்டி எங்கேயோ இருந்தது. நல்ல கொழுப்பு தரையில் கிடந்தது. சர்க்கரையோ எல்லைக்குச் சற்றுக் கீழே, நல்ல பிள்ளைபோல. மூன்று நாள் பட்டினியில் சர்க்கரையை இறக்கிவிடலாம். ட்ரைகிளிசரைடுகூடக் கொஞ்சம் இறங்கும். ஆனால் நல்ல கொழுப்பை மூன்று நாளில் யாரும் ஏற்றிவிட முடியாது. ட்ரைகிளிசரைடு ஏறியும் நல்ல கொழுப்பு இறங்கியும் இப்படிச் சேர்ந்து வந்தால், இனிப்புநீர் நோய் வாசல் வரை வந்துவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். முடிவாகச் சொல்லாது. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையைச் செய்து பார் என்று சொல்லும், அவ்வளவுதான். அந்த அளவுக்குக்கூடக் கேட்க இங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. ரிப்போர்ட் என்றால் பரீட்சைப் பேப்பர், பாஸாகிவிட்டால் போதும்.

அடுத்த தடவை அதே எண்கள் வந்தபோது உன்னிடம் சொன்னேன். கவுண்டரில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள்.

"கொழுப்பெல்லாம் குண்டா இருக்கறவங்களுக்குலா. என்னப் பாரு, கம்பு மாதிரி இருக்கேன்."

"ஒல்லியா இருந்தாலும் வரும்டி. மூணு மாசக் கணக்கு ஒண்ணு பாத்துரு. லைசென்சுக்கு இல்ல, உனக்கு."

நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். "ரத்தம் உறிஞ்சறதோட உன் கெர்ஜா முடிஞ்சிருச்சு. டாக்டர் வேல பாக்காத."

நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அதன்பின் இரண்டு தடவை வந்தாய். நான் பட்டையைக் கட்டினேன், எடுத்தேன், பஞ்சை வைத்தேன். இரண்டு பக்கத்தையும் மடிக்காமல் உன் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் சர்க்கரை எல்லையை இன்னும் கொஞ்சம் நெருங்கியிருந்தது. நீ கிழித்தாய். நான் வாயைத் திறக்கவில்லை.

போன வருடம் ஒரு காலையில், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வேனை ஓரம் கட்டிய நீ இறங்கவே இல்லை. மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரையும் தாறுமாறாக ஏறியிருந்தது. இரண்டே நாள்.

காரியம் முடிந்ததும் உன் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். "எத்தன வருசமா இனிப்புநீருன்னு டாக்டர் கேட்டாரு. அவளுக்கு அப்படி ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். நீங்கதானே ரத்தம் எடுப்பீங்க, எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

"சீனி சரியாத்தான் இருந்துச்சுண்ணே" என்றேன்.

ரிப்போர்ட்டுக்கு விளக்கம் சொல்லக்கூடாது என்பது எங்கள் லேப்பின் விதி. கேட்கிறவர்களிடம் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். உன்னிடம் அது செல்லாது. நான் வாயை மூடியது விதிக்குப் பயந்து அல்ல. உனக்கு அந்த நோய் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தபின் எதிரே உட்கார்ந்து, "நீ சொன்னது சரிதான்டி" என்று ஒரு தடவை நீ சொல்ல வேண்டும், அந்த ஐந்தாறு பேர் நிற்கும்போதே சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அந்த டாக்டரையும் உன்னையும் எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ, அதைவிடக் கேவலமான ஆசை அது. நான் சொன்னது சரியாகவே போய்விட்டது. அந்தச் சரியைத்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.