பிஸ்டன் நண்டு இல்லையாம்

என் சேகரின் நைனாவுக்கு, கரையில் இருக்கிற உன் வீட்டுக்காரி எழுதுவது.

நேரில் உன்னை "யோவ்" என்றுதான் கூப்பிட்டேன். எழுத உட்கார்ந்தால் "நீங்கள்" என்று வருகிறது. அது நமக்கு ஒட்டாது. நீ என்றே எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற கை இது, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். குறை சொல்லாமல் கேள்.

முதலில் உனக்குப் பிடித்த சேதி. முகத்துவாரம் இந்த வருஷம் அடைபடவில்லை. கடல் தண்ணீர் ஏரிக்குள் வந்து போகிறது, இறால் ஏறுகிறது, நண்டும் நல்ல நண்டாக வருகிறது. நம் மகன் சேகர் ஏரிக்குப் போய்விட்டுச் சிரித்த முகத்தோடு திரும்புகிறான். அந்த முகத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று உனக்குத் தெரியாதா?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவன் மகளுக்காக, நம் கலையரசிக்காக. நீ கண்ணை மூடியபோது அவள் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது பொன்னேரியில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போகிறாள். வேகமாக ஓடும் கார்களின் எஞ்சினைப் பிரித்து மாட்டும் பட்டறையில் வேலை. வேலை என்றால் சாமான் கழுவுகிற வேலை. பிரித்த எஞ்சினைத் திரும்பக் கூட்டுகிற மேசையில் அவளுக்கு இடம் கொடுக்கவில்லை.

சேகருக்கு அது பொறுக்கவில்லை. "கழுவறதுக்கா ரயிலேறிப் போற? பொங்கலுக்குள்ள மேச குடுத்தா சரி. இல்லன்னா வந்துடு, மாப்ள பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். உன் பிடிவாதம் மகனைத் தாண்டி அவளிடம் போய் இறங்கியிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு டர்போ கார் வந்தது. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். அந்தச் சக்கரம் வெளிக்காற்றை உள்ளே திணிக்கிறது. திணிக்கத் திணிக்க வேகம். கலை எனக்கு இப்படித்தான் சொன்னாள். கார்க்காரர் பந்தயத்துக்கு ஓட்டுகிறவர். அவருடையது புதுத் தலைமுறை வண்டி. காற்றை இன்னும் கூட்டினால் உள்ளே கம்பெனி போட்டு அனுப்பிய, மேலும் கீழும் போய்வருகிற பிஸ்டனும் அதில் கோத்த ராடு என்கிற தண்டும் தாங்குமா என்று அவருக்குப் பயம். அதே காரின் பழைய தலைமுறை எஞ்சின் ஒன்றையும் எங்கோ தேடி வாங்கி வைத்திருந்தார். பழசுதான் கெட்டி, புதுசைக் கழற்றிவிட்டு அதையே போட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம்.

முதலாளி இரண்டு எஞ்சினையும் பிரித்து மேசையில் பரப்பினார். பக்கத்தில் துணியோடு நின்ற கலையிடம், "எதும்மா தாங்கும்? நீ சொல்லு" என்று கேட்டாராம். சும்மா கேட்டாரோ, சோதிக்கக் கேட்டாரோ. அவள் என்ன செய்தாள் தெரியுமா? இந்தக் கையில் ஒரு பிஸ்டன், அந்தக் கையில் ஒரு பிஸ்டன். ஏந்திப் பார்த்தாள். "பழசு சார், கனமா கீது" என்றாள்.

நம் வீட்டுப் பிள்ளை வேறு எப்படிச் செய்வாள்? நடக்கப் பழகும்போதே என் நண்டுக் கூடையைப் பிடித்து எழுந்து நின்றவள். கையில் ஏந்தினால் கனமாக இருப்பது சதை நண்டு, இலேசாக இருப்பது தண்ணீர் நண்டு. எங்கள் ஊரில் இப்படித்தான் பார்ப்போம் என்று அதையும் அங்கேயே சொல்லிவிட்டாள். பட்டறை முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து பையன்களுக்கு அவள் பெயர் நண்டு. "நண்டு, டீ வந்துச்சு." "டேய், நண்டு கைல ஸ்பானர் குடுக்காத, கடிச்சிடும்."

முதலாளி மட்டும் சிரிக்கவில்லையாம். "எடையைச் சொல்லிட்ட. காரணத்தைச் சொல்லு. சரியா சொன்னா மேசை உனக்கு" என்று, இரண்டு எஞ்சினிலிருந்தும் ஒரு பிஸ்டனும் ஒரு ராடும் கொடுத்து அனுப்பினார். அவள் அதை என் மீன் பையில் சுற்றி ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பக்கத்து வீட்டுத் தனம் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, எவன் காரு வயித்தையோ அறுத்து உன் பேத்தி கொடல எடுத்தாந்துக்கிறா?" என்றாள். அப்புறம் அவளும் ஏந்திப் பார்த்தாள், நானும் ஏந்திப் பார்த்தேன். தெருவில் போன பெண்கள் எல்லாம் வந்து ஏந்தினார்கள். "பழசுதாண்டி. புதுசு வெறுந்தண்ணி" என்று ஒரே தீர்ப்பு. நீ இருந்திருந்தால், "அந்தக் காலத்து சாமான் சாமான்தான்" என்று எங்களுக்கு முன்னால் கை தூக்கியிருப்பாய்.

கலை எங்கள் தீர்ப்பைக் காதில் வாங்கவில்லை. வெயிலில் முக்காலி போட்டுக்கொண்டு, அளக்கிற கருவியும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தாள். நண்டுக் கூடையை நான் சந்தைக்குக் கொண்டுபோய்க் காலி செய்து திரும்பும் வரைக்கும் அப்படியேதான் இருந்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"ஆயா, கனம் எங்க கீதுன்னு பாரு."

பிஸ்டனுக்குக் கீழ்ப்பக்கம் சுற்றித் தொங்குகிற பாகத்துக்குப் பாவாடை என்றே பெயராம். நான் நம்பவில்லை, அவள் சத்தியம் செய்தாள். பழசுக்கு நீளப் பாவாடை. அந்தக் கனமெல்லாம் அங்கேதான். புதுசுக்குக் குட்டைப் பாவாடை. "உன் தாத்தா பாத்திருந்தா வூட்டுக்குள்ளயே விட்ருக்க மாட்டாரு" என்றேன். "டவுனுக்குப் போனா பிஸ்டனே மாறிப்போவுது, நாம இன்னாத்த சொல்றது" என்றாள் தனம்.

சிரித்து முடித்ததும் கலை என் கட்டைவிரலைப் பிடித்து, பழைய பிஸ்டனின் மேல்பக்கத்தில் வைத்து இழுத்தாள். பிஸ்டனைச் சுற்றி வளையம் உட்கார்கிற இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் நகம் தட்டியது. மயிரிழை விரிசல். நெருப்பு வந்து மோதுகிற இடம் அது. அங்கேதான் பழசு மெலிசு. புதுசில் வளையத்தைக் கீழே தள்ளி வைத்து, தலையைத் தடிப்பாக்கியிருக்கிறார்கள். பிஸ்டனையும் ராடையும் கோக்கிற ஆணியும் புதுசில்தான் பருமன். கனமான நண்டுதான், ஆனால் சதை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.

"அதும் இல்லாம, கனமா இருந்தா மேல போயி திரும்பறப்போ ராட புடிச்சி இழுக்கும் ஆயா. வீச்சு வலைல ஈயக் குண்டு ஜாஸ்தியா கட்டினா எங்க வலிக்கும்?"

"தோள்லதான்" என்றேன்.

"ஆங். அதான் இங்கயும்."

அப்போ புதுசு நல்லதுதானே என்று கேட்டேன். உடனே தலையாட்டிவிடவில்லை அவள். அது எனக்குப் பிடித்திருந்தது. ராடை எடுத்துக் காட்டினாள். புதுசின் ராடு ஒல்லி. வண்டி வேகம் எடுக்கும் முன்பே காற்றைத் திணித்தால் வளைந்துவிடும். "தாத்தா முகத்துவாரத்துல பண்ணாரே, அந்த மாரி" என்றாள். படகு மணலில் உட்கார்ந்ததும் முழு வேகத்தைக் கொடுத்து படகு எஞ்சினின் ராடை வளைத்து, மாமன் மச்சானெல்லாம் கயிறு கட்டி உன்னை இழுத்துக்கொண்டு வந்தார்களே, அதுதான். கோபப்படாதே, அதை அவளிடம் சொன்னது நான்தான்.

மறுநாள் முதலாளியிடம் போய்ச் சொன்னாள். புதுசு தாங்கும், ஆனால் எஞ்சின் நன்றாகச் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் காற்றைக் கூட்டவேண்டும். எடுத்த எடுப்பிலேயே வேகம் வேண்டுமென்றால் கம்பெனி ராடை மாற்றவேண்டும். அவர் விரிசலைப் பார்த்தார், ராடைப் பார்த்தார். "சரி, நீயே கூட்டு. ஓட்டிட்டுத் திரும்பப் பிரிச்சுப் பார்ப்போம். மேசையை அப்புறம் பேசலாம்" என்றார்.

ஓட்டிப் பார்க்கிற அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். காரை உருளைகள் மேல் ஏற்றிப் பட்டையால் கட்டிவிடுகிறார்கள். சக்கரம் சுற்றுகிறது, கார் நின்ற இடத்திலேயே கத்துகிறது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். கார்க்காரருக்கு வாயெல்லாம் பல். ஆசை விடுமா? "எடுத்தவுடனேயே இன்னும் கொஞ்சம் காத்த ஏத்துங்களேன்" என்றார்.

"இல்ல சார். கம்பெனி ராடு. மாத்தினா ஏத்தித் தரேன்" என்றாள் கலை.

அவர் முதலாளியைப் பார்த்தார். இப்படி முகத்துக்கு நேரே சொல்கிறாளே, மேசை போச்சு என்றுதான் நினைத்தேன். முதலாளி, "அவங்க கூட்டின எஞ்சின் சார், அவங்க சொல்றதுதான்" என்றார். என் கண் உன்னைத்தான் தேடியது, நீ அப்போது எங்கே நின்று கேட்டாய்?

பந்தயத் தளத்தில் ஓட்டிவிட்டுக் கொண்டுவந்து மறுபடி பிரித்தார்கள். அன்று சாயங்காலம் போன் வந்தது. சேகர் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான், காது மட்டும் இங்கே.

"ஆயா, ஒரு கீறல் இல்ல. ராடு நேரா கீது. மேச எனக்குத்தான் ஆயா."

சேகர் எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினான். திட்டப்போகிறான் என்று பயந்தேன். "அந்தப் பழைய பிஸ்டன்ல விரிசல் எந்தப் பக்கம்மா இருந்துச்சு?" என்று கேட்டான். அப்புறம் அப்பாவும் மகளும் பேசினார்கள், பேசினார்கள், என் உலையில் தண்ணீர் வற்றும் வரை பேசினார்கள்.

அவன் போனை வைத்ததும் கேட்டேன், "பொண்ணு கேட்ட மாப்ள வூட்டாண்ட இன்னா சொல்லட்டும்?"

"எம்பொண்ணு வேலைல கீதுன்னு சொல்லு. எஞ்சின் கூட்டற வேலன்னு சேத்துச் சொல்லு" என்றான். வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "கல்யாணம் அது எப்ப கேக்குதோ அப்ப பாக்கலாம்" என்றும் சொன்னான்.

இன்றைக்கு இப்படிச் சொல்கிறான். ஊர் வாய் ஒருநாள் அவனைக் குழப்பலாம். அதற்குத்தான் நான் இருக்கிறேன். அவள் கையிலிருக்கிற ஸ்பானரை, அவளாக வைக்கும்வரை, யாரும் பிடுங்க விடமாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் வீட்டுக்காரி,
எஞ்சின் கூட்டுகிற கலையரசியின் ஆயா.