மேற்படி பொருள் பறந்தது

மார்ச் 3

அன்புள்ள வாலு,

பறந்துவிட்டது! நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. ஒன்பது வருடமாகப் பட்டறையில் தூசி தின்றுகொண்டிருந்த என் விமானம் இன்று காலை பறந்தேவிட்டது. பழைய கார் எஞ்சின், அலுமினியக் குழாய், கூடாரத் துணி, அவ்வளவுதான் சரக்கு. எதிர்வீட்டு மாடியைத் தாண்டி, மைதானத்தில் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் இறங்கியது. மைதானத்திலிருந்து வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கலைக்களஞ்சியத்தில் துணையாசிரியராகத் தங்கை இருந்தும் எனக்கு நாலு வரி இல்லையென்றால் எப்படி? 'விமானம்' வரும் தொகுதி இந்த ஆண்டுதானே! உன் அண்ணியிடம் சொன்னேன். "மொதல்ல சமையலறைக் குழாய ஒழுகாம பண்ணுங்க, அப்புறம் புத்தகத்துல ஏறலாம்" என்கிறாள்.

உன் அண்ணன்

மார்ச் 11

அன்பு அண்ணா,

உன் கடிதத்தை அலுவலகத்திலேயே உரக்க வாசித்துக் குதித்தேன். முதன்மை ஆசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்க அண்ணன் சொல்றாரு, நீங்க சொல்றீங்க. வேற யாரு சொல்றா?"

உறவும் நட்பும் இல்லாத ஒருவர் எழுத்தில் தந்த சாட்சி வேண்டும். அதுதான் விதி. யார் பார்த்தார்கள்? இந்த மாதக் கடைசியில் தொகுதி அச்சுக்குப் போகிறது. சீக்கிரம்!

வாலு

மார்ச் 16

வாலு,

அந்த வயிற்றெரிச்சலை ஏன் கேட்கிறாய்? பதினோரு முறை தெருவையே அழைத்துக் காட்டினேன்; பதினோரு முறையும் அது நகரவில்லை. பன்னிரண்டாவது முறை வெட்கப்பட்டு யாரையும் கூப்பிடவில்லை.

பார்த்தது எதிர்வீட்டு சர்வேயர் மட்டும். ஓய்வுபெற்றும் அளவுநாடாவை விடாத மனிதர். பட்டறைச் சத்தத்தால் மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நகராட்சியில் என்மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். நகல் இத்துடன் இருக்கிறது.

நான் உனக்கு எழுதாமல் விட்ட ஒன்று அதில் உண்டு. திட்டுவதானால் தனியாகத் திட்டு. அலுவலகத்தில் வாசிக்காதே.

அண்ணன்

மார்ச் 22

அட அண்ணா!

"காலை 6.42 மணிக்கு மேற்படி பொருள் 31 அடி உயரத்தில் என் மாடியைக் கடந்து, 410 அடி தள்ளி இறங்கியது. ஓட்டுவதற்கு அதில் ஆள் இல்லை. மேற்படியார் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்."

ஆளே இல்லையா! விசிறியைக் கையால் சுற்றி எஞ்சினைக் கிளப்பினாய், சக்கரத்துக்குக் கட்டை வைக்க மறந்தாய், அதுதானே? வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. நீதான் ஓட்டினாய் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டேனே!

வாசிக்காமல் எப்படி அண்ணா? குழுவில் வாசித்தேன். முதன்மை ஆசிரியர் மேஜையைத் தட்டினார். "விரோதியே அளந்து குடுத்திருக்கான்யா, இதவிட என்ன சாட்சி வேணும்!"

ஏற்றுக்கொண்டார்கள்! ஆனால் உள்ளது உள்ளபடிதான்: விமானம் ஆளின்றிப் பறந்தது, உருவாக்கியவர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். உனக்குச் சம்மதமா? ஒரு சொல்லையும் உனக்காக நான் மாற்ற மாட்டேன்.

வாலு

மார்ச் 26

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தை அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். அவளிடமும் நானே ஓட்டியதாகத்தான் அளந்து வைத்திருந்தேன். அதனால் தலையைத் தூக்காமலே வாசித்தேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நீங்க அது பின்னால ஓடினீங்க. விழுந்துகிழுந்து வைப்பீங்களோன்னு நான் உங்க பின்னால ஓடினேன். நீங்க எங்க திரும்பிப் பார்த்தீங்க?"

அழுதுவிட்டேன், வாலு. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

முழுச் சம்மதம். அந்த ஓட்டத்தை அப்படியே போடு. கூடவே, அவருக்குப் பின்னால் அவர் மனைவி ஓடினார் என்றும் சேர். மனைவி சொல்வது சாட்சியாகாது என்று உங்கள் ஆசிரியர் சொன்னால், என் வரியையும் அடித்துவிடு. விமானம் மட்டும் புத்தகத்தில் பறக்கட்டும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே வெளியில் நிற்கிறோம்.

உன் அண்ணனும் அண்ணியும்