மேட்டுப்புல் ஆயரைக் கீழிறக்கற்க என விடுத்த ஓலை

மழை பிழையாது பொழிக. மலை தன் நீரை மறவாது தருக. அரிமாநாடு ஆளும் வேந்தர் மாவண்கோவின் திருவாணையால், அமைச்சர் வில்லவன் சாத்தன், பனிவரை நாடு காக்கும் தலைவர் வேங்கைக் கிழாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் தொழுவில் பாலும் மனையில் சிரிப்பும் குறையாதிருக்க.

மேட்டுப்புல்வெளியில் வாழும் ஆயர்குடிகளைச் சமவெளிக்கு இறக்கிவிட்டு, அந்நிலத்தைக் கப்பல்மரக் காட்டுக்கு ஒதுக்குமாறு பணித்த ஓலை ஒன்று தங்களை அடைந்திருக்கும். அல்லது இன்னும் வழியில் இருக்கும். அதை நிறுத்தவே இது வருகிறது. காரணம் கேளாமல் தாங்கள் எதையும் செய்வதில்லை என்பதை அமைச்சர் அறிவாராதலால், காரணமும் எழுதப்படுகிறது.

செடிநூல் வல்ல பூதனார் அரண்மனை முற்றத்தில் களிமண்ணால் தங்கள் மலையைச் சமைத்து, அதன்மேல் கட்டங்கள் கீறினார். மரத்துக்கு மஞ்சாடி, புதருக்குக் குன்றிமணி, புல்லுக்குத் தினை எனக் காய்கள் வைத்தார். எது உயர்ந்து வெயிலைப் பிடிக்கும், எதன் வேர் ஆழ நீரை எட்டும், எதன் இலை வறட்சி தாங்கும் என்று ஒவ்வொன்றின் இயல்பையும் விதியாக்கி, அண்டைக் கட்டங்களை ஒன்றோடொன்று மோதவிட்டார். வென்றது தோற்றதன் இடத்தில் வித்திட்டது. ஒரு சுற்று ஓர் ஆண்டு. ஆட்டம் முடிந்தபோது மலை முழுதும் மஞ்சாடி சிவந்து கிடந்தது. புல் எப்படியும் அழியும் நிலம்தானே என்று வேந்தர் மகிழ்ந்தார். தினையை அள்ளி வெளியே போட்டவர்களுள் இந்த அமைச்சரும் ஒருவர்.

அதன்பின் பூதனார் மரக்கன்றுகளின் நிலை காணக் கிழக்குக் கணவாய் வழியே மேலேறினார். அவர் திரும்பும்வரை பொறுக்காமல் ஆணை மேற்கு வழியே புறப்பட்டதை அவர் அறியார். விடியலில் புல்வெளியெங்கும் உறைபனி வெளுத்திருந்தது. தானாக முளைத்த மரக்கன்றுகள் யாவும் நுனி கருகி நின்றன. புல்லும் மேலே கருகியிருந்தது. ஆயினும் அதன் குருத்து மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. பள்ளத்திலிருந்த சோலைக்குள் மட்டும், பெருமரங்களின் போர்வையில் கன்றுகள் பிழைத்திருந்தன. குருத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அவர் ஓர் இயல்பாக எண்ணவேயில்லை. உறைபனி என்பதையே காணாத ஊரின் முற்றத்தில் மலையைச் செய்தால் வேறென்ன ஆகும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

திரும்பி வந்து, புதிய விதிகளோடு மறுபடி ஆடினார். மேட்டில் தினை நின்றது. பள்ளங்களில் மஞ்சாடி நின்றது. இன்று மலை எப்படி இருக்கிறதோ அப்படியே.

அவையோர் சிலர், மரம் மெல்ல வளர்வது, முப்பது ஆண்டு கழித்துக் கேட்பார் யார், வாய் மூடியிருப்பதே நலம் என்று அவருக்கு எடுத்துரைத்தனர். அதற்குப் பூதனார், மரம் பொறுக்கும், சமவெளி வெயிலில் மலை எருமை ஒரு கோடைகூடப் பொறுக்காது, எருமை மாண்டால் ஆயர் உண்பது யாது என்று வினவினார். அரச வாக்கை மாற்றச் சொல்பவர் அவைப்பட்டத்தோடு வெளியேற இயலாது என்றார் வேந்தர். பூதனார் பட்டத்தைக் கழற்றி அரியணைப் படியில் வைத்தார். பின் வேந்தர் எழுத்தாணி கொணரச் சொன்னார். அமைச்சருக்கு அன்று வெட்கமாக இருந்தது.

ஆகவே ஆணையாவது: ஆயர் தம் புல்லிலேயே வாழ்க. ஒரு தொழுவும் அசைக்கப்படாதிருக்க. குடிகள் முன்னமே இறங்கியிருந்தால், அரண்மனைச் செலவில் மந்தையோடு மேலேற்றுக. எருமைகள் மாண்டிருந்தால், அதற்கு ஆறுதல் சொல்ல இவ்வோலையை அவர்களிடம் படிக்க வேண்டா. பூதனார் இதன் பின்னே நடந்து வருகிறார். பிழை தம்முடையது என்று அவர்கள் முன் நின்று தாமே சொல்ல வரம் கேட்டுப் பெற்றுள்ளார்.

அரிமா முத்திரை பொறித்து விடுத்தோம். ஆயர் கூடும் இடத்துக்கு அவரைத் தனியே அனுப்புக. காவல் வேண்டா என்பதும் அவர் கேட்டதே.