ஆகஸ்ட் இருபத்துநான்கில் பிறந்தவர்கள்

3 ஜூலை 1952, கோலா சிலாங்கூர்

என் மகள் முரியல் போய் ஐந்து மாதம். அவள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த நகைகளை இன்று விற்றேன். அவள் பெயரில் ஓர் உபகாரச் சம்பளம்: ஆண்டுக்கு ஒரு தோட்டத்துப் பெண் கிள்ளானில் கான்வென்டில் தங்கிப் படிக்கலாம். முதல் பெண், ஈஜோக் தோட்டப் பள்ளியில் அவளிடம் படித்தவர்களில் ஒருத்தி.

விண்ணப்பத்தில் ஒரு பொய் இருந்தாலும் தள்ளிவிடுவேன் என்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அந்தோணிதாஸிடம் சொன்னேன்.

"கொஞ்சம் பாத்துச் செய்யுங்கம்மா" என்றார்.

இதில் பார்க்க என்ன இருக்கிறது?

9 ஜூலை

காய்ச்சலில் கிடந்த ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, தொழிலாளர் லயத்தில் என் மகளை விட்டால் வேறு ஆளே இல்லையா? காட்டில் ஒளிந்திருந்து சுட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அந்த லோரியில் யார் இருந்தால் என்ன. ஆனால் ஏற்றிவிட்டவர்களுக்குத் தெரியாதா?

21 ஜூலை

ஐந்து விண்ணப்பங்கள். தாயம்மா என்பவளின் கட்டுரையில் ஒரு பிழைகூட இல்லை. பிறந்த தேதி, 24 ஆகஸ்ட். முரியலின் நாள்! சற்று நேரம் அந்தத் தாளைக் கீழே வைக்க முடியவில்லை.

அடுத்ததைப் பிரித்தேன். 24 ஆகஸ்ட். அதற்கடுத்ததும். ஐந்தில் நான்கு.

மகளின் தேதியைக் காட்டினால் கிழவி உருகிவிடுவாள் என்று எண்ணிவிட்டார்கள். என்ன துணிச்சல் இவர்களுக்கு — என் பிள்ளை செத்ததைக் கூட விட்டுவைக்க மாட்டாங்களா?

ஐந்தையும் நாடாவால் கட்டிவிட்டேன். உபகாரச் சம்பளம் கிடையாது.

26 ஜூலை, சனி

விண்ணப்பக் கட்டைத் திருப்பிக் கொடுக்க நானே தோட்டத்துக்குப் போனேன். முள்வேலி வாசலில் காவலர்கள் என் கைப்பையைக் கவிழ்த்துச் சோதித்தார்கள். அந்தோணிதாஸ் தாயம்மாவின் தாயை அழைத்து வந்தார். சின்னத்தாய், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். கைகால் கழுவிக்கொண்டு வந்து தள்ளியே நின்றாள்.

"யார் சொல்லிக் கொடுத்த தேதி இது?" என்றேன்.

"டீச்சரு எழுதுனதும்மா."

"எந்த டீச்சர்?"

"உங்க மக தான்." பிறகு சொன்னாள்: "எங்களுக்கு ஏதும்மா தேதி? ரப்பர் எல உதிர்ற காலம், வெட்டுக்குப் போயிட்டு வந்தேன், பெத்தேன். ஸ்கூல் புஸ்தகத்துல தேதி எழுதணுமாம். நாங்க முழிச்சோம். அதுக்கு டீச்சரு, 'தேதி இல்லாதவங்கள்லாம் என் தேதிய எடுத்துக்குங்க, பங்கு போட்டா கொறைஞ்சா போயிரும்'னு சிரிச்சிச்சு. இந்த லயத்துல பதினோரு புள்ளைங்களுக்கு அதாம்மா பொறந்த நாளு."

நாடாவைப் பிரித்துத் தேதிகளை மறுபடி பார்த்தேன்.

"வருசா வருசம் அன்னிக்குப் பன்னு வாங்கியாரும். 'எங்கம்மா செய்யற கேக்கு இருக்கே, அது ஒரு வருசம் கொண்டாரேன்'னு சொல்லும். எம்புள்ள கூட கிண்டல் பண்ணுவா, 'டீச்சரு கேக்கு வந்து சேர்றதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிரும்லா'ன்னு."

அந்தோணிதாஸ் தரையைப் பார்த்தார். நான் கட்டைத் திருப்பிக் கொடுக்காமலே வீடு வந்தேன்.

27 ஜூலை

மூன்று வருஷமும் முரியல் அந்தக் கேக்கைக் கேட்டாள். மூன்று வருஷமும் மறுத்தேன். குடும்பத்துக் கேக் குடும்ப மேசையில்தான் வெட்டப்பட வேண்டும் என்றேன். லயத்துக்கு அது எதற்கு என்றும் சொன்னேன். சென்ற ஆண்டு ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஈஜோக் பஸ்ஸுக்கு ஓடினாள். நாள் முழுவதும் தனியாக உட்கார்ந்து கோபப்பட்டேன்.

பெற்ற தாய்க்கு ஒரு நாளைத் தரத் தெரியாதவள் என்று நினைத்தேனே.

2 ஆகஸ்ட்

தாயம்மாவுக்கு என்று முடிவு செய்தேன். கான்வென்டுக்குப் போகும் படிவத்தில் பிறந்த தேதியை நானே மையால் எழுதினேன். எழுத்து கோணிவிட்டது. வேறு தாளில் எழுதவில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

பூசை முடிந்து பஸ்ஸில் போனேன், மடியில் கேக் டப்பா. உள்ளே எதையும் ஒளித்துக் கொண்டுபோகக் கூடாதென்று, வாசல் காவலன் இரும்புக் கம்பியால் கேக்கை நான்கு இடத்தில் குத்திப் பார்த்தான். மேலே பூசிய சர்க்கரை உடைந்தது. டப்பாவை மூடினேன்.

யாருக்குப் பிறந்த நாள் என்று மலாயில் கேட்டான்.

பன்னிரண்டு பேருக்கு என்றேன்.