கண்ணைச் சுற்றி இரண்டு வெள்ளை வட்டம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம், அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் நினைப்பெல்லாம். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று பார்க்கிறாயா, போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா"ன்னு வைத்துவிடுவாய், பக்கத்தில் உன் அப்பா வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். மாடியில் ஒழுகின இடத்தை அடைத்தாயிற்று. உன் தங்கைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்தத் தெம்பில் வாரம் இரண்டு முறை வந்து என்னை அதட்டிவிட்டுப் போகிறாள். அப்பாவின் தையல் கடையில் பள்ளிச் சீருடை நெரிசல், அதற்கு நடுவிலும் நீ அனுப்பிய போட்டோவைத் துணி வெட்டும் மேஜையில் வைத்துக்கொண்டு, அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் "எங்க பையன் எப்படிச் செவந்திருக்கான் பாருங்க, நல்ல சாப்பாடு போல"ன்னு காட்டுகிறார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அது சாப்பாட்டுச் சிவப்பா இல்லையா என்று எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருஷம் வெல்டிங் ராடு பிடித்தவள் நான். நெற்றியும் கன்னமும் வெந்து சிவந்திருக்கின்றன, கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வெள்ளை வட்டம். ஹெல்மெட் போட்டவன் முகத்தில் வட்டம் எப்படி வரும்? கேஸ் கட்டிங்குக்குப் போடுகிற ரப்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீ ஆர்கான் வெல்டிங் செய்கிறாய். அதன் கருப்பு ஐந்தாம் நம்பர், கேஸ் நெருப்புக்குப் போதும். கரண்ட் வெல்டிங்கின் ஆர்க் வெளிச்சத்துக்குப் பத்து, பதினொன்று வேண்டும், கரண்ட் ஆம்பியர் ஏற ஏற நம்பரும் ஏற வேண்டும், கிரைண்டிங் என்றால்தான் வெள்ளைக் கண்ணாடி. இதை உனக்குச் சொல்வது மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது போல. தெரியாமல் செய்யவில்லை நீ, தெரிந்தே செய்கிறாய்.

ஏன் என்றும் தெரியும். போன மாதம் நீ ஒட்டிய குழாய் இரண்டு சரியில்லை என்று திரும்பி வந்ததாகச் சொன்னாய். ஒட்டுகிற இடம் கலங்கலாகத் தெரிகிறது, கண்ணாடிதான் ரொம்பக் கருப்பு என்று நினைத்துக்கொண்டாய். உனக்கு நாற்பத்திரண்டு வயது ராஜா, கோளாறு கண்ணாடியில் இல்லை. உனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது, அவ்வளவுதான். "அப்பா மருந்து டப்பாவைக் கையை நீட்டிப் பிடிச்சுப் படிக்கிறார்"ன்னு பேத்தி போனில் சொல்ல, நீ அவள் வாயைப் பொத்தினது எனக்குக் கேட்கவில்லையா? ஹெல்மெட்டுக்குள்ளேயே கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் செருக ஒரு பவர் கண்ணாடி விற்கிறது, வெளியே யாருக்கும் தெரியாது. பவர் கண்ணாடி என்று தெரிந்தால் கிழவன் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம்தானே உனக்கு. அதை நான் குறை சொல்ல மாட்டேன், பட்டறையில் அறுபது ஆண்களுக்கு நடுவில் ஒருத்தியாக நின்ற எனக்கு அந்தப் பயம் இல்லாமலா இருந்தது?

முட்டி வலி என்று சொல்லித்தானே ஆறு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டேன். முட்டிக்கு ஒன்றுமில்லை. நானும் உன்னைப் போலவே கலங்கலாய்த் தெரியத் தெரிய, கண்ணாடி நம்பரைப் பதினொன்று, பத்து, ஒன்பது, எட்டு என்று ஒவ்வொன்றாக இறக்கினேன். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி, நீ ஒரேயடியாய் ஐந்துக்குப் போய்விட்டாய். உனக்கு இப்போது கண்ணில் மணலைக் கொட்டினது போல் எரியுமே, அது இரண்டு நாளில் ஆறிவிடும். எனக்கு வந்தது ஆறாத வகை. இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு கறை, எதைப் பார்க்கிறேனோ அதன்மேலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. தனியாகப் போய் டாக்டரிடம் காட்டினேன், போனது போனதுதான் என்றார். உன் போட்டோவை நேராகப் பார்த்தால் சட்டை இருக்கிறது, முகம் இல்லை. உன் காதைப் பார்த்தால்தான் முகம் ஓரத்தில் வருகிறது, அப்படிப் பார்த்துத்தான் அந்த வட்டங்களைக் கண்டுபிடித்தேன். அப்பா ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுகிறேன். இந்த ஒரு கடிதத்துக்கு நாலு நாள் ஆயிற்று, எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லையடா, மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன். கடிதம் கிடைத்த அன்றே கண்ணைக் காட்டு, அந்த ரப்பர் கண்ணாடியைக் கேஸ் வேலைக்கு மட்டும் எடு. பார்வை குறையாமல், பிள்ளை குட்டியோடு நீண்ட ஆயுசாய் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, மருமகளிடம் இன்றைக்கே சொல். நானும் இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே கடைக்குப் போய் அப்பாவிடம் சொல்லப் போகிறேன். ஆறு வருஷமாய் அவர் பக்கத்திலேயே இருந்தும் நான் தனியாகத்தான் இருந்தேன், உனக்கு அது வேண்டாம்.

உன் அம்மா