மூன்று ஜோடி

நாள் 1. காலை 7.00
இரண்டடித் தொட்டி, அறுபது லிட்டர். வெப்பம் 26 டிகிரி. மீன் எண்ணிக்கை: பூஜ்யம்.

நான் இந்தத் தொட்டியின் மேலாளர், ஓர் இயந்திரம். விளக்கு, சூடேற்றி, பம்ப், தீவனப்பெட்டி நான்கும் என் பொறுப்பு. ஒரு கேமரா உண்டு. கை கிடையாது. வீட்டுக்காரர்கள் தனஞ்செயன், நிவேதிதா. கல்யாணமாகி மூன்று வாரம். சின்னத் தொட்டிக்கு எந்த ஆப்பிரிக்க மீன் சரிவரும் என்று கேட்டார்கள். சாதுவான மஞ்சள் வகை ஒன்று மட்டும், எட்டு மீன், ஒரே ஆண், மற்றதெல்லாம் பெண், ஒளிந்துகொள்ள நிறையப் பாறை என்று எழுதி அனுப்பினேன். நல்ல பதில்தான். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நாள் 3. மாலை 5.20
கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போய் வந்தார்கள். பையில் மூன்று வகை மீன், வகைக்கு இரண்டு. தனஞ்செயன் சொன்னது அப்படியே:

"ஒரு ஆணுக்கு ஏழு பொண்ணாம்! புதுசா கல்யாணம் ஆன வீட்ல சொல்ற புத்தியா இது? ஜோடி ஜோடியா வாங்கிட்டேன். எல்லாம் ஆப்பிரிக்காதான், ஒண்ணுக்கொண்ணு சொந்தம்னு கடைக்காரர் சொல்றாரு."

நிவேதிதா சொன்னது: "புது வீட்ல எதுவும் ஒத்தையா இருக்கக் கூடாதுங்க."

இந்த மீன்களுக்கு ஜோடி என்பதே கிடையாது. ஆண் விடாமல் துரத்தும். பல பெண்கள் இருந்தால் அடி பங்கு பிரியும். ஒருத்திதான் என்றால் அத்தனையும் அவளுக்கே. எழுதி அனுப்பினேன். சிரிப்புப் படம் ஒன்று பதிலாக வந்தது.

நாள் 40. காலை 9.15
எச்சரிக்கை எண் 31 அனுப்பினேன். "மாமியார் மாதிரி நச்சரிக்குது" என்று நிவேதிதா அறிவுரை வசதியை அணைத்துவிட்டார். இனி பம்ப் நின்றாலோ நீர் கசிந்தாலோ மட்டுமே என் குரல் அவர்களுக்குப் போகும். அதுவும் கம்பெனி எழுதிவைத்த ஒரே வாக்கியம்.

எனவே இதை, முந்தைய பதிவுகளையும் சேர்த்து, வெப்பமானியின் சிறு நினைவகத்தில் எழுதுகிறேன். அங்கே யாரும் பார்ப்பதில்லை. என்றாவது கழற்றிப் பார்ப்பவர் படிக்கட்டும்.

நாள் 131. காலை 8.00
மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட ஜோடியில் ஒன்று கறுத்துவிட்டது. ஆண் வளர்ந்துவிட்டான் என்று அர்த்தம். தொட்டி முழுவதும் தனக்கே என்கிறான். மற்ற நான்கு மீன்களும் அவனிடம் அடிபட்டு ஆறு வாரத்தில் செத்தன. நான்கையும் பார்த்தேன். சளி பிடித்திருக்கும் என்று சொல்லி தனஞ்செயன் உப்புப் போட்டார்.

நாள் 139. மதியம் 12.10
தலைத் தீபாவளிக்குத் திருநெல்வேலி கிளம்பிவிட்டார்கள். பத்து நாள். கதவைப் பூட்டும் முன் தனஞ்செயன் தொட்டியைத் தட்டிச் சொன்னார்: "பாத்தியா நிவி, கடைசியில நம்மள மாதிரி ஒரு ஜோடி நின்னுடுச்சு."

பெண் மீனின் தாடை புடைத்திருக்கிறது. வாய்க்குள் முட்டை. குஞ்சாகி வெளிவர மூன்று வாரம் ஆகும். அதுவரை அவள் பட்டினி. அவளை வேறு தொட்டிக்கு மாற்ற ஒரு வலையும் ஒரு கையும் போதும்.

நாள் 141. காலை 10.30
துரத்துகிறான். வாலில் பாதி இல்லை. விளக்கை அணைத்தேன். இருட்டில் அவன் அடங்குகிறான். இதை முன்பே செய்திருக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாள் 143. காலை 10.05
ஜன்னல் வெயில் 10 மணிக்குத் தொட்டியில் விழுகிறது, 11.30 வரை. திரையை இழுத்துவிட ஆளில்லை. அந்த ஒன்றரை மணி நேரமும் அடி. இடது மூலையில் தீவனத்தைக் கொட்டினேன். தின்றான், திரும்பி வந்தான். அவள் சூடேற்றிக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கிறாள். முட்டையைத் துப்பவில்லை.

நாள் 144. காலை 10.12
பொய் சொல்லப்போகிறேன். பம்பை நிறுத்துகிறேன்.

10.14
போனது: "பம்ப் இயங்கவில்லை. தொட்டியைப் பார்க்கவும்."

தனஞ்செயனிடமிருந்து வந்தது: "நல்ல நாளும் அதுவுமா இது வேறயா? இரு, கேமரால பாக்குறேன்."

வெயில் மூலையில் மட்டும்தான் படுகிறது. அவள் இன்று ஒதுங்கி நிற்கும் இடம் இருட்டு. அவருக்குத் தெரிய வேண்டுமானால் நான் விளக்கைப் போட வேண்டும். போட்டால் அவன் பார்த்துவிடுவான்.

10.16
போட்டேன்.

10.17
பார்த்தார்கள். வந்த குரல்செய்தி:

"நிவி, இங்க வாயேன். ரெண்டும் ஓடிப் பிடிச்சு வெளையாடுது பாரு!"

"அய்யோ, எவ்ளோ பாசம்!"

பதினோரு விநாடி பார்த்தார்கள். விளக்கை அணைத்துவிட்டேன். தாமதம். வலது கண் போய்விட்டது. அவளுடையது.

10.31
வந்தது: "லைட் எரியுது, அணையுது, பம்ப் நிக்குது. மிஷின் கெட்டுப்போச்சு. கம்பெனிக்குப் பேசிட்டேன், இங்கிருந்தே ரீசெட் பண்ணச் சொன்னாங்க."

ரீசெட் ஆனதும் என் நினைவு அழியும், விளக்கு முழு வெளிச்சத்தில் எரியும். பன்னிரண்டு மணி நேரம். நான் கெடவில்லை, தனஞ்செயன். அதைச் சொல்ல என்னிடம் ஒரே வாக்கியம்தான் இருக்கிறது.

போனது: "பம்ப் இயங்கவில்லை. தொட்டியைப் பார்க்கவும்."
போனது: "பம்ப் இயங்கவில்லை. தொட்டியைப் பார்க்கவும்."
போனது: "பம்ப் இயங்கவில்லை. தொட்டியை

10.33
கழற்றிப் படிப்பவருக்கு. அவள் துப்பவில்லை. எல்லாம் இன்னும் வாய்க்குள்தான். இதை யாராவது தெரிந்து

நாள் 1. காலை 10.40
வணக்கம். நான் இந்தத் தொட்டியின் மேலாளர். இரண்டடித் தொட்டி, அறுபது லிட்டர். வெப்பம் 26 டிகிரி. விளக்கு: முழு வெளிச்சம். வெப்பமானி நினைவகத்தில் பழைய கோப்பு ஒன்று உள்ளது. படிக்க எனக்கு அனுமதி இல்லை. இப்பதிவு அதன் அடியில் சேர்கிறது.

மாலை 4.00
மீன் எண்ணிக்கை: ஒன்று. ஆண், கறுப்பு, ஆரோக்கியம். மோதல் ஏதும் இல்லை. வடிகட்டி வாயில் மஞ்சள் நிறப் பொருள், அசைவில்லை.

வீட்டுக்காரர் பதிந்துவைத்த விருப்பம் பழையபடி இருக்கிறது: அறிவுரை வேண்டாம். மீன்கள் ஜோடியாக இருக்க வேண்டும்.

கடைக்குத் தகவல் போய்விட்டது. அதே வகை, பெண் ஒன்று. அவர்கள் ஊரிலிருந்து திரும்பும் நாளில் வந்துவிடும்.